நாங்களே மறைத்த கூரை

1

ஆகஸ்டு பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கராஜில் இடமிருப்பவர்கள் காரை உள்ளே திணிக்கிறார்கள். இடமில்லாத பக்கத்து வீட்டுக்காரர் பழைய மெத்தை ஒன்றைக் கார்மேல் போட்டுக் கயிறு கட்டிவைக்கிறார். போன வருஷம் இதே வாரத்தில் கால்கரியில் எங்கள் பேட்டையைத் துவைத்து எடுத்த ஆலங்கட்டி மழை இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

நான் வானத்தைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தால் அது பெய்யாமல் போய்விடுமா என்ன? நான் பார்ப்பது எங்கள் வீட்டின் வடக்குச் சுவரை. இங்கே வீட்டுச் சுவருக்கு வெளிப்புறம் பிளாஸ்டிக் பட்டைகளை வரிசையாக அடித்து மூடியிருப்பார்கள். எங்கள் வடக்குச் சுவரில் அந்தப் பட்டைகள் முழுக்க ஓட்டை. அம்மைத் தழும்பு போட்ட முகம் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் புதுப் பட்டை அடித்தாகிவிட்டது. நாங்கள் அடிக்கவில்லை. இப்போதைக்கு அடிக்கவும் போவதில்லை.

ஏன் என்று இங்கே கேட்கிறவர்களிடம் "காசில்லை" என்று சொல்லி முடித்துவிடுவேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு முழுக்கதையையும் சொல்லலாம். ஆம்பூரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கூத்து புரியும்.

2

நானும் என் கணவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் செக்கர். தைத்து வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அவர் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். நான் கண்டுபிடித்த குறையை மெழுகு தேய்த்தோ, சாயம் தொட்டோ இல்லாமல் ஆக்குவது அவர் வேலை. இப்படிப்பட்ட இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் வீடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு குடியேற்றத்துக்கான புள்ளிக் கணக்குப் போட்டு கனடாவுக்கு வந்தோம். இப்போது அவர் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறார். நான் முதியோர் இல்லத்தின் சமையலறையில். மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு. நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற கட்டத்துக்கு வந்து சில வருஷமாகிறது.

என் அக்கா மட்டும் இன்னும் ஷூவை விடவில்லை. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து, விடிவதற்கு முன் வருகிற கம்பெனி வேனில் ஏறிப் போய் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துவிட்டு இருட்டின பிறகு வருகிறாள். மாமா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். மகன் ஓசூரில். வீடு செங்கல் சுவர்தான், ஆனால் மேலே சிமெண்ட் ஷீட். எங்களுக்கு அடித்ததற்கு மூன்று மாதம் முன்னால், சித்திரையில், அவளுக்கும் ஆலங்கட்டி மழை அடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டதில் பாதி ஷீட் உடைந்து வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது. நல்லவேளை அவள் அன்று கம்பெனியில் இருந்தாள்.

கிடைத்த அரசு நிவாரணத்தில் நாலு ஷீட்டும் ஒரு தார்ப்பாயும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் தளம் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம், எனக்கென்ன, ஒருத்திக்கு இது போதும் என்றாள். சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன். பணமும் சேர்த்துவிட்டேன். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வேலை ஆரம்பிக்க மாட்டேன், ஆவணி முதல் முகூர்த்தத்தில் மேஸ்திரி வருவார், அப்போது அனுப்பு என்று சொல்லிவிட்டாள். அதனால் பணம் என் கையிலேயே இருந்தது.

அந்த ஆடியின் நடுவில்தான் எங்களுக்கும் அடித்தது. மலைப்பக்கமிருந்து மேகம் பச்சையும் கருப்புமாக வந்தது. கால் மணி நேரம்கூட இருக்காது. கோழிமுட்டை அளவுக் கட்டிகள். சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் நின்றோம். மழை நின்ற பிறகு வெளியே போய்ப் பார்த்தால் வடக்குச் சுவர் சல்லடை. கூரையில் ஓடு கிடையாது, தார் அட்டைமேல் மணல் துகள் ஒட்டிய தகடுகள்தான். அந்தத் துகள் எல்லாம் உதிர்ந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்கடியில் குவியலாகக் கிடந்தது. வந்து பார்த்த கூரைக்காரன் சொன்ன தொகை, அக்கா வீட்டுக்குத் தளம் போடுகிற செலவைப் போல மூன்று மடங்கு.

இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டோம். அவர்கள் கொடுத்தால் தப்பித்தோம். கொடுக்காவிட்டால் முதலில் போவது அக்காவின் தளம். குளிர்காலம் வருவதற்குள் இங்கே கூரை போட்டாக வேண்டும், ஐப்பசி வருவதற்குள் அங்கே போட்டாக வேண்டும். எங்களிடம் இருந்ததோ அக்காவின் தளத்துக்குச் சேர்த்தது மட்டும்தான்.

3

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாரம் எங்கள் ஆள் வந்து வீட்டைப் பரிசோதிப்பார் என்று.

இந்த இடத்தில் நான் பையர் விசிட் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவர் வாழ்க்கையிலும் முப்பது வயது வரை வெள்ளைக்காரர் என்றால் ஒரே அர்த்தம்தான்: ஷூ ஆர்டர் கொடுக்கிற பையர். ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வருவார். வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து கம்பெனி தலைகீழாகிவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். கக்கூஸில் சோப்பு வரும். அதுவரை கண்ணில் காட்டாத கையுறையும் முகமூடியும் எல்லோருக்கும் கிடைக்கும். ரிஜெக்ட் ஆன ஜோடிகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றிக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அவர் கையில் எடுக்கிற ஷூவில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. இருந்தால் ஷிப்மென்ட் போச்சு, சம்பளம் தள்ளிப்போகும். எத்தனை வருஷம் அந்தப் பயத்தில் வேலை செய்தோம்!

கடிதம் வந்த அன்று சாயங்காலமே என் கணவர் ஏணியை எடுத்தார். நாங்கள் ஒரு வார்த்தை கலந்து பேசவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டேன். உதிர்ந்த மணல் துகளை வாரிச் சலித்து வைத்தார். கூரையில் அடிபட்டு வழுக்கையான இடங்களில் தார் பசையைத் தொட்டு வைத்து, மேலே அந்தத் துகளையே தூவி உள்ளங்கையால் அழுத்தினார். நெளிந்த குழாயை உள்ளிருந்து தட்டி எடுத்துச் சாயம் அடித்தார். சுவர் ஓட்டைகளுக்கு அதே நிறத்தில் பசை வாங்கி வந்து அடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, கோடுகூடத் தெரியாமல் செய்தார். நான் கீழே நின்று "அங்கே ஒண்ணு விட்டுட்டீங்க, இன்னும் மேல" என்று காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

யாழினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கு இதெல்லாம் என்றாள். ஆள் வர்றாங்கம்மா, வீடு அலங்கோலமா இருந்தா நல்லாவா இருக்கும் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் தோளைக் குலுக்கினால் எனக்குக் கோபம் வரும், அதனால் அவள் கேட்ட கேள்வி என் காதில் நிற்கவில்லை.

4

வந்தவன் சின்னப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் குறிப்பெழுதும் பலகை, காலில் தடித்த பூட்ஸ். இவர் கதவைத் திறந்துவிட்ட விதத்தைப் பார்க்க வேண்டும், அப்படியே பழைய ஃபேக்டரி மேனேஜர். நான் வடை சுட்டு வைத்திருந்தேன். இரண்டு சாப்பிட்டான், மூன்றாவதை வழியில் சாப்பிடுகிறேன் என்று காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டான். கூரையில் ஏறினான், சுவரைச் சுற்றி வந்தான், போட்டோ எடுத்தான். இறங்கி வந்து, வீட்டை மிக நல்ல நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரவுச் சாப்பாட்டில் இரண்டு தடவை சொல்லிவிட்டார், ஒரு ரிஜெக்டுகூட இல்லை என்று. நானும் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். எங்களைப் போல இரண்டு மண்டூகங்களை எங்கே போய்த் தேடுவது?

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கூரையிலும் சுவரிலும் குறிப்பிடத்தக்க சேதம் எதுவும் காணப்படவில்லை. உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.

கடிதத்தை யாழினிதான் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, எத்தனையோ நாளுக்கப்புறம் என்னிடம் தமிழில் பேசினாள். "அவர் டேமேஜ் பாக்கத்தானேம்மா வந்தாரு? நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் எல்லாத்தையும் ஒளிக்கிறீங்க?"

இவர் எழுந்து கராஜுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

5

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, ஆவணி பிறந்துவிட்டது, மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முதலில் சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாடி பண்ணீங்க ரெண்டு பேரும்? வந்தது பையர் இல்லடி, வீஏஓ மாதிரி. வீஏஓ வர்றார்னா யாராவது வீட்டைக் கூட்டி வெப்பாங்களா? எங்க தெருவுல உடைஞ்ச ஷீட்டை ஒருத்தர் தொடல. கால்ல குத்துது, தாண்டித் தாண்டித்தான் போனோம். அவர் வந்து போட்டோ புட்சப்புறம்தான் நான் தொடப்பத்தையே எடுத்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு விதமான வருகையும் தெரியும். குறையை மறைக்க வேண்டிய ஆள் ஒருவர், குறையைக் காட்ட வேண்டிய ஆள் ஒருவர். ஊரில் இருந்தவரை இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை. இங்கே வந்தவன் வெள்ளைக்காரன், கையில் பலகை வைத்திருந்தான், அவ்வளவுதான், எங்களுக்குப் பையர் பயம் பிடித்துக்கொண்டது. பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் வரி கட்டுகிறோம். ஆனாலும் அவன் முன்னால் நாங்கள் ஆம்பூர் ஃபேக்டரி ஆட்களாகத்தான் நின்றிருக்கிறோம்.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் பக்கம் மழை பிடித்திருந்தது. தார்ப்பாய் அடித்துக்கொள்கிற சத்தமும், அலுமினியப் பாத்திரத்தில் சொட்டு விழுகிற சத்தமும் போனில் கேட்டது.

"சரி வுடு, பேஜாரு பண்ணிக்காத," என்றாள். "எனக்குன்னு வெச்ச பணத்தை எடுத்து உன் கூரையைப் போடு. பனியில புள்ளைய வெச்சிக்கினு கஷ்டப்படாத. எனக்கு இன்னா, தார்ப்பாய் இருக்குது."

அந்த 'இருக்குது'தான் என்னைக் கிளப்பிவிட்டது. மழை வந்தால் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை கட்டிலைச் சுவரோரம் இழுத்து, பாத்திரம் மாற்றி மாற்றி வைத்து, தூங்காமல் உட்கார்ந்து, விடிவதற்கு முன் வேனுக்குப் போய் நிற்கிறாள். அவள் என்னிடம் தார்ப்பாய் இருக்குது என்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. போனை வைத்ததும் முடிவு செய்துவிட்டேன். மறைத்த ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டியாவது இந்தக் கம்பெனியைக் கொடுக்க வைப்பேன், அக்காவின் பணத்தைத் தொடுவதாயிருந்தால் தொட்டதைத் திருப்பி வைப்பேன்.

6

இவர் வேண்டாம் என்றார். நாமே மறைத்துவிட்டு நாமே சேதம் என்று சொன்னால் நம்மைத் திருடன் என்பார்கள், விட்டுவிடு என்றார். நான் விடவில்லை. மதிய இடைவேளையில் முதியோர் இல்லத்துச் சமையலறையின் பின்வாசலில் நின்று தினமும் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடுகிற இசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது. இந்தப் பிரிவு இல்லை அந்தப் பிரிவு என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பிரிவு பழைய பிரிவுக்கே திருப்பி அனுப்பியது. நான் பேசட்டுமா, உன் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாது என்றாள் யாழினி. என் கூரைக்கு நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

ஒருநாள் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். சேதம் இருந்தது, ஆனால் என் கணவர் வீட்டுக்கு மேக்கப் போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டாள். அதுவரை அந்தக் கம்பெனியில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான் ஆம்பூரில் தொடங்கி வடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்று அண்டா அடிபிடித்தது, மேலாளரிடம் திட்டும் வாங்கினேன். ஆனால் மறுபரிசோதனைக்கு நாள் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை வந்தது நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. வடை கிடையாது. வாசலைக்கூட நான் பெருக்கவில்லை, கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். சேதம் எங்கே என்று கேட்டார். இவர் உளியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஏணியில் ஏறினார்.

கூரைமேல் முழங்காலிட்டு, தான் ஒட்டியதைத் தானே ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். அந்த அம்மாள் போட்டோ எடுத்துக்கொண்டே நகர்ந்தார். எந்த இடம் என்று இவர் தேடவே இல்லை, எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் உளியை வைத்துவிட்டுத் தயங்கினார். நான் ஏணியின் மேல்படியில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார், "இது நல்லா வந்திருந்துச்சு."

"எடுங்க," என்றேன்.

எடுத்தார். கீழே இறங்கியபோது யாழினி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுவரில் அடைத்திருந்த பசையைப் பெயர்க்க அவளே இன்னொரு உளியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுவரைச் சுரண்டினார்கள். எது அடைத்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அப்பாவைக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். தமிழில்தான் கேட்டாள். அதை அப்போது நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

7

கொடுத்தார்கள். முழுதாக இல்லை. கூரைக்குக் கொடுத்தார்கள், அதில் எங்கள் பங்காக நாங்கள் போட வேண்டியது போக. சுவருக்குப் பட்டை பழையது என்று தேய்மானம் கழித்து ஒரு தொகை, அதையும் வேலையாகச் செய்யாமல் காசாகக் கொடுத்துவிட்டார்கள்.

கூரைக்கான எங்கள் பங்கு அக்காவின் பணத்திலிருந்து போயிற்று. வேறு வழியில்லை. ஒரே நாளில் நாலு பேர் வந்து, படபடவென்று ஆணியடித்து, புதுக்கூரை போட்டுவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வாரம் சுவருக்கான காசு வந்தது. அதை எடுத்து அக்காவின் பணத்தில் வைத்தேன், குழி நிரம்பியது, முழுசாக ஊருக்கு அனுப்பினேன். சுவர் அப்படியே நின்றது.

முதல் மாதம் இவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். குப்பை போடப் போகிறவர் சுவர் முன்னால் நின்று ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். பனிக்காற்று உள்ளே போகாமல் உள்பக்கமாக அடைத்தோம். வெளிப்பக்கம் தொடவில்லை. யாழினியின் சிநேகிதி ஒருத்தி வந்து, உங்கள் வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லையா என்று கேட்டாளாம். வந்துவிட்டார்கள், எங்களுக்கு வேறு வீடு ஒன்று கட்ட வேண்டியிருந்தது என்று இவள் சொன்னாளாம். எந்த வீடு என்று அவள் கேட்க, பெரியம்மா வீடு என்றாளாம். பெரியம்மாவை இவள் நேரில் பார்த்தது இரண்டே தடவை.

அங்கே ஆவணி முடிந்திருந்தது. புரட்டாசியில் யாரும் தளம் போட மாட்டார்கள், தை வரைக்கும் பொறுத்துக்கொள் என்று தெருவே சொன்னதாம். ஆடிக்கு அவ்வளவு பார்த்த அக்கா, புரட்டாசி பார்த்துத்தான் மழை வரப்போவுதா என்று மேஸ்திரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கம்பெனிக்கு லீவு போட்டு, கலவைக்குத் தண்ணீர் ஊற்றினாள். தளம் இறுகுவதற்காக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். தளத்தைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த பிறகு போதும் என்று மேஸ்திரி சொல்லியும் அவள் கேட்கவில்லை. வேனிலிருந்து இறங்கியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. எங்களுக்குக் காலை, அங்கே இருட்டி விளக்கு போட்டிருந்தார்கள். வேலூர்ப் பக்கம் கனமழை என்று பார்த்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தாள், ஆனால் பேசுவது கேட்கவில்லை, அவ்வளவு மழை. யாழினி போனை என் கையிலிருந்து வாங்கி, பெரியம்மா மேல காட்டுங்க, மேல காட்டுங்க என்று கத்தினாள். அக்கா போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில், இன்னும் பூச்சு வேலை செய்யாத கான்கிரீட். நாலு மூலையும் காட்டினாள். காய்ந்திருந்தது. தரையில் ஒரு பாத்திரம் இல்லை. கட்டில் நடுவீட்டில் கிடந்தது.

நான் ஏதேதோ கேட்டேன். ஜன்னல் சாத்தினாயா, சாப்பிட்டாயா, கரண்ட் இருக்கிறதா. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"மேல நான் நிறுத்தின தண்ணி நிக்குது, அதும்மேல மழையும் கொட்டுது. கொட்டட்டும்டி. நான் தூங்கப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.